உலக நிதியும் லாரிப் பேட்டையும்

கேள்வி: எச்.ஐ.வி. தடுப்புக்கான சர்வதேச நிதியில், ஏழை நாடுகளுக்கே முன்னுரிமை என்பது நமக்கு நியாயமா? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: 2002-இல் பிறந்து ஜெனீவாவில் இயங்கும் உலக நிதியம், நோயின் பாரத்தையும் தேசத்தின் தலா வருமானத்தையும் சீர்தூக்கியே பணத்தைப் பகிர்கிறது; மருந்து வாங்கவும் வழியற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு முதலிடம் தருவது தர்மமே. ஆயினும், லாரி டிரைவரும் கிளீனரும் வாரக்கணக்கில் வீடு காணாமல் வடக்கே ஓடியதால் நோய் உடன்வந்து மனைவியரையும் சிசுக்களையும் பற்றிய நாமக்கல்லின் துயரம், தேசியச் சராசரியில் தென்படாது. அமெரிக்க உதவியுடன் 1995-இல் தமிழகத்தில் தொடங்கிய ஏபேக் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் அரும்பணி ஆற்றிற்று; இன்றோ செலவின் பெரும்பகுதி நம் அரசுடையது. லாரிப் பேட்டையில் டிரைவரோடு பக்குவமாகப் பேசி, ஆணுறை தந்து, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் களப்பணியாளரின் சொற்ப ஊதியத்தில் யாரும் கைவைக்கலாகாது. ஜெனீவாவிடம் நாம் கேட்கும் நியாயத்தை டில்லியும் சென்னையும் மாவட்டந்தோறும் வழங்கட்டும்.