துக்க வீட்டில் துணை நிற்க

வாலிநோக்கம் பக்கம், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுக்குப் போகிறீர்களா?

1. இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வீட்டார் அதைக் கேட்கத்தான் ஏங்குவார்கள்.

2. "அழாதே" என்று அடக்காதீர்கள். ஒப்பாரியோ, துஆவோ, சேதுக்கரைத் தர்ப்பணமோ, அவரவர் முன்னோர் வழக்கப்படி நடக்கட்டும். உடலே கிடைக்காத வீட்டில் விடைகொடுக்க அது ஒன்றுதான் வழி.

3. கூட்டம் கலைந்த பிறகும் போய் வாருங்கள். தனிமை அப்போதுதான் உறைக்கும்.

4. மாதங்கள் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போவதைத் தடுக்க வேண்டாம். பிரார்த்தனையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் அரசுத் திட்டம் அங்கேயே நடந்திருக்கிறது.

5. சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள்; உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.