சாயப்பட்டறை மெஷினும் தேன் அடையும்

மண்ணரைப் பக்கம் சாயப்பட்டறைக்குள்ள போயிருந்தா ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டரைப் பார்த்திருப்பீங்க. ஈரத் துணியைப் போட்டு வேகமா சுத்தினா தண்ணி வெளியே தெறிக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பவர்கள் தேன் எடுப்பதும் இதே தத்துவத்தில்தான். கையால் சுற்றுகிற டிரம், உள்ளே அடையோடு மரச்சட்டங்கள்.

அடையைப் பிழிஞ்சா என்ன? 1 கிலோ மெழுகு உண்டாக்கத் தேனீக்கள் சுமார் 6 முதல் 8 கிலோ தேனைச் செலவழிக்கும். காலி அடை உடையாமல் பெட்டிக்குத் திரும்பினால் அவ்வளவும் மிச்சம். அங்கே ரப்பர் மரங்கள் புதுத் துளிர் விடும் சில வாரங்கள்தான் நல்ல வரத்து. (அந்தத் தேன் சுரப்பது பூவில் இல்லை, இலைக்காம்பின் நுனியில்! எனக்கே இது புதுசு.) அந்த நேரத்துல தேனீ அடை கட்டிட்டு இருந்தா நஷ்டம்.

மெழுகு மூடியைக் கத்தியால் சீவிட்டுத்தான் சட்டத்தை டிரம்மில் வைக்கணும். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளிச்சிடும்.

சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. உள்பக்கத் தேனின் எடை அழுத்தி அடை உடையும். அதனால முதல் பக்கத்தை மெதுவா, பாதி மட்டும் எடுக்கணும். சட்டத்தைத் திருப்பி மறுபக்கம் முழுசா. அப்புறம்தான் முதல் பக்கத்தின் மிச்சம்.