படித்த கட்டுரைதான் வந்தது, மதிப்பெண் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் இங்கே அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கணக்கிலும் அறிவியலிலும் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறான். தமிழிலும் சிறுவினாக்களில் குறை இல்லை. எட்டு மதிப்பெண் கட்டுரையில்தான் சறுக்குகிறான். கைடில் இருக்கும் கட்டுரைகளை வரி விடாமல் மனப்பாடம் செய்கிறான். அரையாண்டுத் தேர்வில் அவன் படித்த தலைப்பு வரவில்லை. நாலு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டானாம், எட்டுக்கு இரண்டு. திருப்புதல் தேர்வில் படித்த தலைப்பே வந்தது. இரண்டு பக்கம் எழுதினான். அதற்கும் நான்குதான் போட்டிருக்கிறார்கள். "எனக்குக் கட்டுரையே வராதும்மா" என்று சொல்கிறான். நான் எட்டாவது வரை படித்தவள். சந்திப்பிழை எல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாது. பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. நான் அவனுக்கு எப்படி உதவுவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: படித்த தலைப்பு வராததால் மதிப்பெண் போனது என்று உங்கள் மகன் நினைக்கிறான். படித்த தலைப்பு வந்த தேர்விலும் அவனுக்கு நான்குதான் கிடைத்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான். இரண்டு பக்கம் எழுதிய பிள்ளைக்கு ஏன் பாதி மதிப்பெண்? அவன் எழுதியதில் பக்கம் இருந்தது, செய்தி இல்லை. அவன் விடைத்தாளை நான் பார்க்கவில்லைதான். ஆனால் தமிழாசிரியராக இப்படிப்பட்ட தாள்களைத் திருத்தித் திருத்திப் பழகியவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நீர் மேலாண்மை என்று ஒரு தலைப்பு. பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் பத்தி இப்படி இருக்கும்:

"நீர் மனிதனுக்கு மிகவும் இன்றியமையாதது. நீர் இல்லாமல் மனிதன் வாழ முடியாது. விலங்குகளும் பறவைகளும் வாழ முடியாது. எனவே நாம் அனைவரும் நீரைச் சேமிக்க வேண்டும். நீரை வீணாக்கக் கூடாது."

இதில் பிழை ஒன்றும் இல்லை, கையெழுத்தும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஐந்து வாக்கியங்களில் ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்தது. நீர் என்ற சொல்லை எடுத்துவிட்டு மரம் என்று போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். திருத்துகிறவர் இதற்கு எதை வைத்து மதிப்பெண் கூட்டுவார்? அதே தலைப்பில் இன்னொரு பத்தி:

"2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் கொண்டு செல்லப்பட்டது. அதே சென்னைதான் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. பெய்த மழையைத் தேக்கி வைக்கத் தவறினால் ஓர் ஆண்டு வெள்ளத்திலும் மற்றோர் ஆண்டு வறட்சியிலும் தவிக்க நேரும்."

இதில் நான்கே வாக்கியங்கள் இருக்கின்றன, கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் மகன் எழுதக்கூடிய தமிழ்தான் இது. ஆனால் இடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, நடந்தது இருக்கிறது. கடைசி வாக்கியம் அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறது. முதல் பத்தியை எழுதும் பிள்ளைக்கும் இரண்டாவதை எழுதும் பிள்ளைக்கும் மொழித்திறனில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு கையில் இருக்கும் செய்தியில்தான்.

கைடு கட்டுரைகளில் என் மனக்குறையும் இதுதான். அவை எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. வகுப்பில் பாதிப் பேர் ஒரே கைடை வாங்குகிறார்கள். ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. விடைத்தாள் திருத்தும் மையத்தில் அடுத்தடுத்த தாள்களில் அதே வரிகளைப் படிக்கிற ஆசிரியருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இன்னொரு கேடும் இருக்கிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது; படிக்காத தலைப்பு வந்தால் எழுதவே வராது. அரையாண்டுத் தேர்வில் உங்கள் மகன் பேனாவை மூடி வைத்தது இதனால்தான். விஷயம் தெரிந்து எழுதுகிற பிள்ளை ஒரு வரியை மறந்தாலும் வேறு வரி எழுதிக்கொண்டு போகும்.

உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். நிறைய முடியும். இலக்கணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் எழுதியதை உங்களுக்கு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே?", "எப்போது?", "யார் செய்தார்கள்?", "எப்படி?" 'நீரைச் சேமிக்க வேண்டும்' என்று வாசித்தால், "எப்படிச் சேமிப்பது, சொல்" என்று கேளுங்கள். அவன் யோசிப்பான். மொட்டை மாடியிலிருந்து குழாய் இறக்கித் தொட்டியில் விடுவது, குளத்தைத் தூர்வாருவது, வரத்துக் கால்வாயை அடைக்காமல் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியது என்பதை ஆசிரியர் சொல்லியிருப்பார். அதுவும் நினைவுக்கு வரலாம். அவன் வாயால் சொன்னதையே எழுதச் சொல்லுங்கள். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றுவது அவனுக்குத் தெரிந்த வேலை.

கைடில் இல்லாத செய்தி உங்களிடமே இருக்கிறது. உங்கள் ஊருக்கு ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. அந்த அணை வற்றிய ஆண்டில் உங்கள் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தது, குடங்களை எங்கே வரிசை வைத்தீர்கள், உங்கள் சிறு வயதில் பக்கத்துக் கண்மாயில் எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது என்பதையெல்லாம் அவனிடம் சொல்லுங்கள். பொதுக்கட்டுரையில் ஊர்ச்செய்தி எழுதக் கூடாது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். தாராளமாக எழுதலாம். தலைப்புக்குப் பொருந்தினால் அதைவிட நல்ல சான்று கிடையாது. பொருட்காட்சிக்குச் சென்று வந்த அனுபவத்தை எழுதச் சொல்லும் வினாக்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே பார்த்த ஓர் அரங்கைப் பற்றி நான்கு வரி எழுதுவது, 'கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது' என்று பத்து முறை எழுதுவதைவிட மேல்.

அவனை ஒரு சிறிய நோட்டுப் போடச் சொல்லுங்கள். தலைப்புக்கு ஒரு பக்கம் போதும். நீர், மரமும் சுற்றுச்சூழலும், சாலைப் பாதுகாப்பு, நூலகமும் வாசிப்பும், பெண்கல்வி, அறிவியல் வளர்ச்சி, தமிழ் வளர்த்த சான்றோர், தான் கண்ட ஒரு நிகழ்ச்சி: வரும் தலைப்புகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். பக்கத்துக்கு நான்கைந்து செய்திகள் இருந்தால் போதும். கட்டுரையாக எழுதக் கூடாது, துண்டு துண்டாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளிதழ், பாடநூல், அறிவியல், சமூக அறிவியல் புத்தகம் என்று எங்கிருந்தும் எடுக்கலாம். ஒரு தலைப்புக்குச் சேர்த்த செய்தி மூன்று தலைப்புகளுக்கு உதவும்.

ஆனால் செய்தி சரியாக இருக்க வேண்டும். கல்பனா சாவ்லா பற்றி எழுதும்போது 'விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியர்' என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் சென்ற இந்தியர் ராகேஷ் சர்மா, 1984இல். கல்பனா சாவ்லா ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 1997இல் விண்வெளிக்குச் சென்றார்; இந்திய வம்சாவளிப் பெண்களில் அவரே முதல்வர். இரண்டாம் பயணத்தில், 2003 பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது கொலம்பியா விண்கலம் சிதறி, உடன் சென்ற ஆறு பேரோடு உயிரிழந்தார். இவ்வளவையும் நோட்டில் ஐந்து வரியில் குறித்துவிடலாம். ஆண்டு உறுதியாக நினைவில் இல்லையென்றால் ஆண்டை விட்டுவிட்டு நிகழ்வை மட்டும் எழுதச் சொல்லுங்கள். குறளுக்கும் இதுவே. வான் சிறப்பு அதிகாரத்தில் ஒரு குறள் பிழையின்றித் தெரிந்தால் எழுதட்டும். சீர் தப்பும் என்று தோன்றினால், வள்ளுவர் சொன்ன கருத்தைத் தன் சொல்லில் எழுதினால் போதும். பிழையான மேற்கோளைக் கறுப்பு மையில் எழுதி அடிக்கோடும் இட்டால், பிழைதான் முதலில் கண்ணில் படும்.

இனி தேர்வு அறை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் நூற்றுக்கு 24 மதிப்பெண் மூன்று நெடுவினாக்களுக்குப் போகிறது. ஒன்று உரைநடை, ஒன்று விரிவானம், ஒன்று பொதுக்கட்டுரை. மூன்றிலும் 'அல்லது' உண்டு. வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் எந்தக் கட்டுரையை எழுதுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். எந்தத் தலைப்புக்குத் தன்னிடம் செய்தி அதிகம் என்பதுதான் அளவுகோல். அழகான தலைப்பு, எளிதாகத் தெரியும் தலைப்பு என்று போகக் கூடாது.

கட்டுரையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளுவதும் பெரிய தவறு. மூன்று மணி நேரத்தில் ஒரு நெடுவினாவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கலாம். அதில் முதல் மூன்று நிமிடம் எழுதவே கூடாது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் துணைத்தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அதை அடித்துவிடலாம். இந்த மூன்று நிமிடம் வீண் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்வார்கள். எழுதத் தொடங்கிய பிறகு நடுவில் நின்று மேலே பார்த்து யோசிக்கும் நேரம் இதைவிடப் பல மடங்கு என்பதை வீட்டில் ஒரு முறை கடிகாரம் வைத்து எழுத வைத்தால் அவனே உணர்வான்.

வினாவில் குறிப்புகள் கொடுத்திருந்தால் அவையே துணைத்தலைப்புகள். வரிசையை மாற்ற வேண்டாம், ஒன்றையும் விட வேண்டாம். குறிப்பு இல்லாவிட்டால் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இடையே நான்கு துணைத்தலைப்புகளை அவனே போட்டுக்கொள்ளட்டும். முன்னுரை மூன்று நான்கு வரிக்கு மேல் தேவையில்லை. முன்னுரையில் அரைப் பக்கம் செலவழித்துவிட்டுப் பொருளுரையில் வறண்டு போகும் கட்டுரைகள் ஏராளம்.

மற்ற இரண்டு நெடுவினாக்களைப் பற்றிச் சுருக்கமாக: கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்', சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்' போன்ற கதைகளைக் கைடின் சுருக்கத்தில் படிக்காமல் பாடநூலிலேயே இரண்டு முறை படிக்கட்டும். கதை முழுவதையும் எழுதிவிட்டு, வினாவில் கேட்டதை எழுதாமல் வருவதுதான் அங்கே நடக்கும் தவறு.

எழுத்துப் பிழைக்கு வருகிறேன். எல்லா விதிகளையும் இப்போது படிக்க நேரம் இல்லை. அடிக்கடி வருபவை சிலதான். 'அந்த, இந்த' என்பவற்றுக்குப் பின்னும், ஐ, கு என்ற வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தக் குளம், நீரைச் சேமிப்போம், ஊருக்குப் போனோம். 'என்று கூறினார்' என்பதில் ஒற்று மிகாது. பயத்தில் 'என்றுக் கூறினார்' என்று எழுதுகிறார்கள். 'மரங்கள் இருந்தது' என்று எழுதக் கூடாது, 'மரங்கள் இருந்தன' என்பதே சரி. இதோடு அவன் வழக்கமாகச் செய்யும் ல, ள, ழ, ர, ற பிழைகளைத் திருத்திய விடைத்தாள்களிலிருந்து எடுத்து அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சில பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்யும்.

வாரத்துக்கு இரண்டு தலைப்பு போதும். ஆனால் ஒரு கட்டுரையை எழுதி, திருத்தி வாங்கிய பிறகு, அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. திருத்திய தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் புதுத் தலைப்புக்குப் போகிறார்கள். அதே பிழைகள் அங்கேயும் வருகின்றன. பத்துக் கட்டுரை எழுதுவதைவிட ஐந்து கட்டுரையை இரண்டு முறை எழுதுவது நல்லது.

திருத்துவதற்கு அவனுடைய தமிழாசிரியரைவிடத் தகுந்தவர் இல்லை. "ஐயா, இதை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்று தாளை நீட்டும் மாணவனை எந்தத் தமிழாசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார். கேட்கக் கூச்சப்பட்டால் ஒருநாள் நீங்களே உடன் போய் வாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கைடை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.