ஊசியும் நடையும்

நண்பர்களே, நடப்பதை நாம் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. ஆயினும், ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் மூளை எத்தனை கட்டளைகளை இடுகிறது! அக்கட்டளைகள் தடைப்படும்போதுதான் நடையின் அருமை விளங்குகிறது. 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் அத்தகையது. நடுமூளையில் கருநிறம் கொண்ட சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அவ்வணுக்கள் படிப்படியாக அழிய, கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, அடி குறுகுகிறது.

நான் குடியிருக்கும் சந்தாபுராவில், எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு இந்நோய் உண்டு. வாசற்படியருகே வந்ததும் அவருடைய கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். அவர் மகள் என்னிடம், "தம்பி, நீ சயின்ஸ் படிக்கிறாயே! அக்குபங்சர் ஊசி குத்தினால் அப்பாவுக்கு நடை திரும்புமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அவருக்காக நான் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். அதிலுள்ள லெவோடோபா மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறுகிறது. இப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் பிரித்தெடுத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்து தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். 1960-களில் வியன்னாவிலும் அமெரிக்காவிலும் லெவோடோபாவை நோயாளருக்குக் கொடுத்துச் சோதித்தனர். படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆகவே, நாட்டு மூலிகை, பழைய முறை என்பதற்காக விஞ்ஞானம் எதையும் ஒதுக்குவதில்லை. அளந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறது.

அக்குபங்சரை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2001-இல் கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். மருந்து என எதிர்பார்த்து வெறும் உப்புநீர் ஊசி பெற்ற நோயாளரின் மூளையிலும் டோப்பமின் சுரந்தது! நம்பிக்கையே சிறிது நேரம் மருந்தாகிவிடுகிறது. எனவே, ஊசி குத்தியபின் ஒருவர் நன்றாக நடந்தால், நடக்கச் செய்தது ஊசியா, நம்பிக்கையா? இதனைப் பிரித்தறியவே ஒரு சாராருக்கு உண்மை ஊசியும் மற்றொரு சாராருக்குப் போலி ஊசியும் அளித்து ஒப்பிடுகின்றனர். தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளருக்குத் தெரிவிப்பதில்லை.

2016-இல் அமெரிக்காவில் இவ்வாறு நடந்த இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று அரிசோனாவில் 15 பேரிடம் நடந்தது. மின்னோட்டம் செலுத்திய ஊசி பெற்ற 10 பேரின் நடைவேகம் கூடியது. போலி முறை பெற்றவர் ஐவரே. மற்றொன்று கொலராடோவில் 94 பேரின் களைப்பைப் பற்றியது. அங்கு உண்மை ஊசி பெற்றவர்களும் போலி ஊசி பெற்றவர்களும் ஒன்றுபோலவே தேறினர். முதலாவது நம்பிக்கை தருகிறது. ஆனால் மிகச் சிறியது. இரண்டாவது நம்மை எச்சரிக்கிறது. நடையை மீட்கும் மருத்துவம் என்று அக்குபங்சரை உறுதியாகக் கூற இவை போதா.

ஆகவே நான் அந்த அக்காவிடம் கூறியது இதுதான்: "மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அக்கா." லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். நம் ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு, மாத்திரையோடு துணையாக அக்குபங்சரைச் செய்து பார்க்கலாம். ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மீண்டும் குத்தக்கூடாது.

பயன் உண்டா என்று வீட்டிலேயே அளக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை உண்டபின் ஒரே இடைவெளியில் அளக்கவேண்டும்; விழாமல் காக்க அருகில் ஒருவர் நிற்கவேண்டும். கால் நின்றுபோகும் இடத்தில், தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டிப் பலர் நடந்துவிடுகின்றனர். இதற்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டிதான்.

நண்பர்களே, படித்தவர்கள் என்று நம்பி அக்கம்பக்கத்தார் நம்மிடம் இத்தகைய கேள்விகளோடு வருவர். எத்தனை பேரிடம் சோதித்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? பயன் எவ்வளவு காலம் நிலைத்தது? இம்மூன்றையும் கேட்டறிந்த பிறகே நாம் பதில் சொல்லவேண்டும்.