கடினமான கத்திதான் முதலில் உடையும்

அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினால், விறகும் முள்ளும் வெட்ட வீட்டுக்கொரு கொடுவாளாவது இருக்கும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்குத் தனி மதிப்பு. அதில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருப்பதே காரணம்.

நம்பிக்கை: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கத்தி உறுதியாகிவிடும்.

பாதிதான் சரி. தோய்த்ததும் எஃகு கடினமாகும், அரமே வழுக்கும். ஆனால் அப்படியே எடுத்துக் கல்லில் பட வெட்டினால் கண்ணாடி மாதிரி சில்லு தெறிக்கும். கீறல் விழாதது கடினம். அடி வாங்கியும் முறியாதது வேறு குணம். முன்னது ஏறினால் பின்னது பெரும்பாலும் இறங்கும். ஆகவே தோய்த்ததை மறுபடி மிதமாகச் சூடேற்றி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் படர்ந்தால் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ். நீலம் என்றால் 300 பக்கம். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும், கோடாலிக்கு ஊதா வரை போகவேண்டும். சாதாரணக் கட்டடக் கம்பியை எத்தனை முறை தோய்த்தாலும் கத்தியாகாது, கார்பன் போதாது.

நம்பிக்கை: நன்றாக வெளுக்கக் காய்ச்சினால்தான் நல்ல எஃகு.

இதற்கு நம் ஊர் எஃகே பதில் சொல்லியிருக்கிறது. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வகை எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேல். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி அதை வெளுக்கக் காய்ச்சி அடித்தார்கள், உதிர்ந்துபோனது. மங்கிய சிவப்பிலேயே அடிக்கவேண்டிய சரக்கு அது. மற்ற எஃகுக்கும் மிகைச்சூடு ஆகாது: உள்ளிருக்கும் படிகமணிகள் பெருத்துவிடும், பெருத்தால் சுலபமாக முறியும்.

நம்பிக்கை: அடிக்க அடிக்க இரும்பு நெருங்கி உரமேறும்.

நெருங்குவதில்லை. சூட்டில் அடிக்கும்போது பருத்த மணிகள் சிதைந்து நுண்மணிகளாகப் புதிதாய் உருவாகின்றன. நுண்மணி ஒன்றுதான் வலிமையையும் முறியாத தன்மையையும் சேர்த்தே தரும். ஆறிய இரும்பை அடித்தால் கடினம் மட்டும் ஏறும், வளையும் குணம் போய்விடும். குளிர்நிலையில் முறுக்கிய பழைய கட்டடக் கம்பிக்கும் இதே குறை. இன்றைய டி.எம்.டி. கம்பி சூட்டோடு உருட்டாலையை விட்டு வரும்போதே நீர்ப்பாய்ச்சலில் தோல் கடினமாகிறது. நடுவில் மிஞ்சும் வெப்பம் அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது.

கம்பி வாங்கும்போது வீடு கட்டுபவர்கள் "500ஆ, 550ஆ?" என்று வலிமையை மட்டும் கேட்கிறார்கள், முறியாமல் எவ்வளவு நீளும் என்று கேட்பதில்லை. ஐ.எஸ். 1786 தரப்படி 500க்குக் குறைந்தபட்ச நீட்சி 12 சதவீதம், 550க்கு 10தான். 500டி என்றால் 16. கடையில் கேட்கவேண்டியது அந்த 'டி'யை.