அறுந்த கண்ணியை மட்டும் பார்ப்போம்

மண்டபம் கடற்கரையை ஒட்டிய அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடவேளை ஒன்றும் என்னிடம் வந்தது. ஓர் அடி பிழையானால் கணக்கு முழுவதையும் முதலிலிருந்து எழுதச் சொல்வது என் வழக்கம். ஒரு மாணவன் எழுதாமலே உட்கார்ந்திருந்தான். விடியற்காலையில் அப்பாவுடன் வலை சரிசெய்துவிட்டு வருபவன். ஏனென்று கேட்டேன்.

"ஒரு கண்ணி அறுந்தா அதையும் பக்கத்துக் கண்ணியையும்தான் சார் பார்ப்போம். முழு வலையையும் பிரிக்க மாட்டோம்."

என்னிடம் பதில் இல்லை. மேல்வகுப்பில் நான் நடத்தும் கம்பைலர் என்னும் நிரல்பெயர்ப்பியும் அவன் சொன்னதைத்தான் செய்கிறது. கட்டளைகளை இணைத்துச் சுருக்கும் கட்டம் ஒன்று அதில் உண்டு. அதை மறுநாள் செயல்பாடாக நடத்தினேன்.

செயல்பாடு

20 சீட்டுகளில் ஆளுக்கொரு கட்டளை. முதல் நான்கு இவை:

1. அ = ம + 0
2. ஆ = அ × 8
3. இ = ஆ − ஆ
4. ஈ = இ + ந

மற்ற 16 சீட்டுகளும் இவற்றோடு தொடர்பில்லாதவை; சுருக்க முடியாதவை; விடைக்குத் தேவையானவை.

*முதல் முறை:* மாற்றம் நிற்கும் வரை எல்லாச் சீட்டுகளையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது. முதல் சுற்றில் அ என்பது ம ஆகிறது; இ 0 ஆகிறது; ஈ என்பது ந ஆகிறது. மூன்று சீட்டுகள் விலகும். இரண்டாம் சுற்றில், ஆ யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்து அதுவும் விலகும். மூன்றாம் சுற்றில் மாற்றமில்லை. மொத்தம் 20 + 17 + 16 = 53 பார்வைகள்.

*இரண்டாம் முறை:* எல்லாச் சீட்டுகளையும் ஓலைக்கொட்டானில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுப்பது. ஒரு சீட்டு மாறினால், அதன் விடையைப் பயன்படுத்தும் சீட்டையும், அதற்கு மதிப்புத் தந்த சீட்டையும் மட்டும் கொட்டானில் திரும்பப் போடுவது. ஏற்கெனவே உள்ளே இருந்தால் போட வேண்டாம். இங்கே 2ஆம் சீட்டு மட்டுமே திரும்புகிறது. மொத்தம் 21 பார்வைகள்.

கவனிக்க வேண்டியவை

மதிப்புத் தந்த சீட்டைத் திரும்பப் போட மறந்தால், பயனற்ற 2ஆம் சீட்டு கடைசிவரை தங்கிவிடும். வேலையைக் குறைப்பது வேறு, தேவையான பார்வையைத் தவிர்ப்பது வேறு. மேலும், ஆ − ஆ = 0 என்பதை இங்கே முழுஎண்களுக்கே கொள்ள வேண்டும்; மிதவைப் புள்ளி எண்களில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் 0 வராது.

உலகெங்கும் பயன்படும் எல்எல்விஎம் மென்பொருளில் இந்தக் கட்டத்தின் பெயர் 'இன்ஸ்ட்கம்பைன்'. கொட்டான் போன்ற பட்டியல் அதற்கு முன்பே இருந்தது. ஆனாலும் பட்டியல் காலியான பிறகு, விட்டுப்போனது உண்டா என்று நிரலை மறுபடியும் சுற்றிவந்தது. பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காத அந்தச் சுற்றைக் கைவிட்டு, ஒரே சுற்றை இயல்பாக வைத்தது 2023இல்தான்.

நானும் மாறினேன். பிழையான முதல் அடியை மட்டும் வட்டமிடுகிறேன். அதற்கு மேலுள்ளவற்றைத் தொட வேண்டாம். அதைச் சார்ந்து வரும் அடிகளை மட்டும் திருத்தினால் போதும். முன்பு எழுதாமல் இருந்த மாணவன், இப்போது எந்த அடி எதைச் சார்ந்தது என்று அம்புக்குறி போட்டுவிட்டுத் திருத்துகிறான். முழுக் கணக்கையும் திரும்ப எழுதிய நாள்களில் இதை யாரும் யோசித்ததில்லை, நானும்கூட.