கோலாலம்பூருக்கு வந்த முகம்மது அலி

போர்ட் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் இறங்கினால் மெர்டேக்கா அரங்கம் நடக்கிற தூரம்தான். 1957-இல் துங்கு சுதந்திரத்தை அறிவித்த இடம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே இடத்தில் 1975 ஜூலை 1-ஆம் தேதி, உலக மிகு எடை சாம்பியன் முகம்மது அலி, ஜோ பக்னரோடு மோதினார்.

"காலங்காத்தாலேயே சண்டைடா" என்று எங்க தாத்தா இன்னமும் சொல்வார். நான் நம்பவில்லை. அப்புறம் கணக்குப் போட்டேன். அப்போது நம் கடிகாரம் இப்போதைவிட அரை மணி நேரம் பின்னால் இருந்தது; 1982-இல்தான் மாற்றினார்கள். நியூயார்க்கில் இரவு பத்து என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பதரை. அமெரிக்கர்கள் ராத்திரி டிவியில் பார்க்க, அலி நம்ம ஊர் வெயிலில் 15 சுற்றும் ஆடினார். புள்ளிகளில் வென்றார்.

1942-இல் லூயிவில் நகரில் பிறந்தவர். இயற்பெயர் கேசியஸ் கிளே. 12 வயதில் சைக்கிள் திருடு போனது. திருடனை அடிப்பேன் என்று கோபத்தில் குதித்த பையனிடம், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அவரே குத்துச்சண்டைப் பயிற்சியாளரும்கூட. 1960-இல் ரோம் ஒலிம்பிக் தங்கம். 1964-இல் சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம். இஸ்லாத்தைத் தழுவிப் பெயரையும் மாற்றிக்கொண்டார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1967. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. அப்போது அவருக்கு 25 வயது. நம்மில் பலருடைய வயதுதான். ஓட்டப்பந்தயக்காரன் காலைக் கட்டிப் போட்ட மாதிரி. 1971-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

திரும்பி வந்தவரிடம் பழைய வேகம் இல்லை. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து, ஃபோர்மேனின் குத்துகளை வாங்கிக்கொண்டே அவரைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். எல்லாரும் இதைப் புத்திசாலித்தனம் என்று கைதட்டுகிறோம். வாங்கிய குத்துகளை யாரும் எண்ணுவதில்லை.

கோலாலம்பூரில் ஆட்டத்துக்கு முன்னால், இதுதான் கடைசி என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆனால் மூன்றே மாதத்தில் மணிலாவில் ஃப்ரேசியரோடு 14 சுற்றுகள். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் ஆடி, 1981-இல்தான் ஓய்ந்தார். 61 ஆட்டங்கள், 56 வெற்றிகள்.

1984-இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியபோது கை நடுங்கியது. அந்தக் காணொளியைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இங்கேயே நிறுத்தியிருக்கலாம்" என்றார்.